படகுத்துறையின் ஏழு நிமிடங்கள்

ஜூன் 3, செவ்வாய்

அணையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இந்த மாதம் முதல் நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை மதகு திறந்திருக்கிறது என்பதையெல்லாம் நம் கம்ப்யூட்டரே அவர்கள் கம்ப்யூட்டரிடம் நேரடியாகக் கேட்டுக்கொள்ளலாமாம். அதற்கு ஏபிஐ என்று பெயர். ஃபோன் தகவலும் தொடரும், "ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்" என்று கடைசியில் ஒரு வரி. யார் எழுதினார்களோ தெரியாது. அந்த ஒரு வரியை ஐந்தாறு தடவை படித்தேன்.

கண்காணிப்பாளர் ஐயா கடிதத்தை என் மேஜையில் போட்டுவிட்டு, "நீதானேம்மா அந்தப் பலகையச் செஞ்சே, இதையும் நீயே பாத்துக்கோ" என்றார். பலகை என்பது காத்திருப்புக் கூடத்தில் தொங்கும் திரை. அடுத்த படகு எத்தனை மணிக்கு, எத்தனை இடம் மீதி என்று காட்டும். மூன்று வருடம் முன்பு புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகக் கற்று எழுதியது. டிக்கெட் கிழிப்பவளுக்கு இந்த வேலை எதற்கு என்று அன்று எல்லோரும் சிரித்தார்கள். இப்போது எது வந்தாலும் என் தலையில்.

தம்பி கடைசிப் படகைக் கட்டிவிட்டு வந்தான். இடது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நின்றான். உள்ளே கம்பி வைத்த கை. மழை வரப்போவது எங்கள் எல்லோருக்கும் முன்னால் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். கடிதத்தைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 4, புதன்

இன்றும் சாப்பாடு ஃபோன் பக்கத்தில்தான். பத்து மாதமாகிவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

எழுதிவிடலாம். எழுதாமல் இருப்பதால் அது நடக்காமல் போய்விடுமா?

போன வருட மழையில் ஒரு மத்தியானம். அணையில் மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் நம் துறைக்கு வர நாற்பது நிமிடம் ஆகும். திறந்தவுடன் அங்கிருந்து ஃபோன் வரும், நான் எடுப்பேன், படகை நிறுத்துவோம். இதுதான் ஏற்பாடு. அன்று ஃபோன் அடித்தபோது நான் அறையில் இல்லை. மூன்று நிமிடம், அவ்வளவுதான். பழைய ஃபோன், யார் கூப்பிட்டார்கள் என்றெல்லாம் காட்டாது. நான் திரும்பி வந்து உட்கார்ந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து நிமிடம் கழித்து மறுபடியும் அடித்தது. ஓர் ஆண் குரல், "முன்னாடியே கூப்பிட்டோமே, எடுக்கலயே நீங்க" என்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படகு ஆற்றின் நடுவில் இருந்தது.

யாரும் சாகவில்லை. முப்பத்தெட்டுப் பேரையும் தம்பி கரை சேர்த்தான். கடைசியில் கயிற்றைக் கட்டும்போது அவன் கை கயிற்றுக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

அந்த மூன்று நிமிடம் நான் எங்கே போயிருந்தேன் என்று அவன் இதுவரை கேட்டதில்லை. அம்மாதான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் இந்த வேலையை விட வேண்டும் என்று வேறு தினமும் ஒரு பாட்டு. அவன் விடமாட்டான். அதனால் மறுபடியும் மழை வருவதற்குள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஒன்றை நான் உட்கார வைத்தாக வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

அணை அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். என் வயதுதான் இருக்கும் என்று குரல் சொன்னது. துறையின் பெயரைச் சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு படபடவென்று பேச ஆரம்பித்தாள்.

அவர்கள் இணையப் பக்கத்தில் பதிவு செய்ததும் இரண்டு விஷயம் கொடுத்தார்கள். ஒன்று, நம் துறைக்கான அடையாள எண். இன்னொன்று ரகசியச் சாவி, நீளமான எழுத்தும் எண்ணுமாகப் புரியாத ஒரு வரிசை. அது திரையில் ஒரே ஒரு தடவைதான் வரும், மறுபடி கேட்டால் அவர்களே காட்ட மாட்டார்கள். அதைப் பார்த்தபோது எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. பழக்க தோஷத்தில் இந்த நோட்டில் எழுதப் போனேன். பேனா முனை காகிதத்தில் பட்டேவிட்டது. அந்தப் புள்ளி இதோ இருக்கிறது, புள்ளியோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூன் 11, புதன்

மானம் போயிற்று.

பலகை நான் எழுதியது, அதில் எதை எங்கே வைப்பது என்று தெரியும். அதனால் அணையைக் கேட்கும் கோட் வரிகளையும் பலகையின் பக்கத்திலேயே சேர்த்து, சாவியையும் அதிலேயே போட்டுவிட்டேன். அணைக்காரி (அவளை இனி இப்படித்தான் எழுதப்போகிறேன்) கேட்டாள்:

"உங்க பலகைய ஆளுங்க ஃபோன்லயும் பாக்கலாமா?"

"பாக்கலாமே. நிறையப் பேர் வீட்டுல இருந்தே பாத்துட்டுத்தான் கிளம்புறாங்க" என்றேன், பெருமையாக.

"ஐயோ மேடம்! அப்ப சாவிய ஊருக்கே கொடுத்துட்டீங்க."

பக்கத்தைப் பார்க்கிற எவரும் அதன் பின்னால் உள்ள கோட் வரிகளையும் பார்க்கலாமாம். வீட்டுச் சாவியை வாசல் கதவிலேயே ஆணி அடித்து மாட்டிய கதை. சாவியை உடனே ரத்து செய்து புதிதாக ஒன்று கொடுத்தாள். "வெளிய தெரியற பக்கம் எதுவும் கேக்கக் கூடாது. உள்ள இருக்கற சர்வர்தான் கேக்கணும். பதில மட்டும் வெளிய காட்டுங்க" என்றாள்.

சர்வர் என்றால் டிக்கெட் அறையின் மூலையில் இருக்கும் கறுப்புப் பெட்டி. மூன்று வருடமாக அதன் மேல் என் குடையை வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று குடையை எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று கேட்டதை அப்படியே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

நான் நினைத்தது இதுதான்: ஸ்கிரிப்ட், அதாவது நான் எழுதுகிற அந்த கோட், அணையின் கம்ப்யூட்டரிடம் போய்ச் சாவியைக் காட்டும், அது கதவைத் திறக்கும். அப்படியில்லையாம். சாவி இந்த அறையை விட்டு வெளியே போவதே இல்லையாம்!

"அப்புறம் என்கிட்ட சாவி இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அவள் சிரித்தாள். சொல்லவும் செய்தாள். என்ன கேட்கிறோமோ அந்தக் கேள்வியையும், கேட்கிற நேரத்தையும், சாவியையும் சேர்த்து ஸ்கிரிப்ட் அரைக்கிறது. அரைத்து வருகிற மாவுதான் கையொப்பம். கேள்வியும் நேரமும் கையொப்பமும் போகும், சாவி போகாது. மாவைப் பார்த்து யாராலும் அரிசியைத் திருப்பி எடுக்க முடியாது. அங்கே அவர்களிடமும் அதே சாவி இருக்கிறது. அவர்களும் அதே கேள்வியை, அதே நேரத்தை, அதே சாவியோடு அரைத்துப் பார்ப்பார்கள். இரண்டு மாவும் ஒன்றாக இருந்தால் கேட்டது நான்தான். நடுவில் ஒரு எழுத்தை யாராவது மாற்றியிருந்தால் மாவு வேறாகிவிடும்.

ஒரு ரகசியம் தெரியும் என்பதை, அந்த ரகசியத்தைச் சொல்லாமலே நிரூபிப்பதா? இதை யோசித்த மனுஷனோ மனுஷியோ எந்த ஊரில் எந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்திருப்பார்கள்? அன்று அவர்களுக்குச் சாப்பாடு இறங்கியிருக்குமா?

மாலை தம்பியைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நேரத்த ஏன் சேத்து அரைக்கணும்?" என்றான். எனக்கும் தெரியவில்லை. நாளை கேட்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி

கேட்டேன். நான் அனுப்புவதை யாராவது வழியில் பிடித்து வைத்துக்கொண்டு, நாளைக்கு அதையே திருப்பி அனுப்பினால்? அதற்குத்தான் நேரமாம். பழைய கேள்வி என்றால் தள்ளிவிடுவார்கள். படகுக்காரனுக்கு இதைக் கேட்கத் தோன்றியிருக்கிறது, எனக்குத் தோன்றவில்லை.

ஸ்கிரிப்ட் எழுதி முடித்தேன். சாவி தனி ஃபைலில், அந்த ஒரு ஸ்கிரிப்ட்டைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாத மாதிரி. ஓட விட்டேன்.

401.

ஜூன் 16, திங்கள்

401 என்றால் "நீ யார்?" என்று அர்த்தம். காலையிலிருந்து நாற்பது தடவை கேட்டேன். நாற்பது தடவையும், நீ யார், நீ யார். மாமியார் வீட்டில்கூட என்னை இப்படி யாரும் கேட்டதில்லை.

ஜூன் 18, புதன்

401. சாவியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். சரி. அரைக்கும் வரிசை சரி. அணைக்காரி அவள் பக்கத்திலிருந்து அனுப்பிப் பார்த்தாள், அவளுக்குப் பதில் வருகிறது. "கையொப்பம் செல்லாது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை அந்தக் கம்ப்யூட்டர் பேசாதாம். காரணம் சொன்னால் திருடனுக்கும் உதவியாகப் போய்விடும் என்று அப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். நியாயம்தான், ஆனால் எனக்கு மண்டை காய்கிறது.

ஜூன் 20, வெள்ளி

401. தூறல் ஆரம்பித்துவிட்டது. தம்பி ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு போவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இன்னும் நான் ஃபோனையும் பார்த்துக்கொண்டு ஆற்றையும் பார்த்துக்கொண்டு இதே நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறேன்?

ஜூன் 21, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

வருகிற பதிலில் 401 என்ற எண்ணை மட்டும்தான் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று வேறு வழி தெரியாமல் பதில் முழுவதையும் திரையில் கொட்டச் சொன்னேன். மேலே சின்னச் சின்னதாய்ப் பத்துப் பன்னிரண்டு வரி. அதில் ஒன்று, பதில் அனுப்பிய நேரம். நான் கேட்ட நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கேட்டது 11 மணி 24 நிமிடம். பதில் புறப்பட்டது 11 மணி 17 நிமிடம்.

நான் கேட்பதற்கு ஏழு நிமிடம் முன்பே பதில் வந்திருக்கிறது! உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு கணம், சத்தியமாக ஒரு கணம், ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். டிக்கெட் வாங்க நின்றவர், "என்னம்மா ஆச்சு?" என்று பயந்தே போனார்.

விஷயம் இதுதான். நம் துறையில் கடிகாரங்கள் எல்லாம் ஏழு நிமிடம் முன்னால் ஓடும். யாரும் கடைசிப் படகைத் தவறவிடக் கூடாது என்று ஐயா பத்தொன்பது வருடம் முன்பு வைத்த ஏற்பாடு. அதனால் அவருக்கு ஏழு நிமிஷ ஐயா என்றே பெயர். இங்கே யாரையும் மணி கேட்டால், "துறை நேரமா, சாதா நேரமா?" என்பார்கள். பலகை வந்தபோது, அதுவும் கூடத்துக் கடிகாரமும் ஒரே மணி காட்ட வேண்டும் என்று சர்வரின் நேரத்தையும் நானே, என் கையாலேயே, ஏழு நிமிடம் தள்ளி வைத்தேன். அது தானாகத் திருத்திக்கொள்வதையும் நிறுத்தி வைத்தேன். பழகிப்போய் மறந்தும் போனேன்.

அணையில் ஐந்து நிமிட வித்தியாசம் வரைக்கும்தான் பொறுப்பார்கள். எட்டு நாளாக நான் இன்னும் பிறக்காத நேரத்திலிருந்து அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீ யார் என்று கேட்காமல் என்ன செய்வார்கள்?

ஜூன் 23, திங்கள்

ஐயா ஒற்றைக்காலில் நிற்கிறார்.

"பத்தொம்பது வருஷம். ஒருத்தர், ஒரே ஒருத்தர் கடைசிப் படக விட்டதுண்டா? சொல்லு."

"இல்லங்கய்யா."

"அப்ப எதுக்கு மாத்தணும்? அவங்கள அஞ்சு நிமிஷத்த ஏழாக்கச் சொல்லு."

அணை நிர்வாகம் ஊருக்கெல்லாம் பொதுவாக வைத்ததை நமக்காக மாற்றுவார்களா? சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் இல்லை. போன வருடம் தம்பியைத் தன் தோளில் சாய்த்து வண்டியில் ஏற்றியது அவர்தான். அந்த ஏழு நிமிடம் அவர் பெற்ற பிள்ளை மாதிரி. அதைத் தொட்டால் வலிக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

மூன்று மணிப் படகு போன பிறகு ஐயா தனியாக இருந்தார். போய் நின்று, "அன்னிக்கு ஃபோன் அடிச்சப்ப நான் எங்க இருந்தேன்னு தெரியுமாய்யா?" என்றேன். தெரியாது என்று தலையாட்டினார். "கூடத்துல இருந்தேன், ஸ்டூல் மேல. கடிகாரத்துல பேட்டரி மாத்திட்டு, ஏழு நிமிஷம் கூட்டி வச்சுக்கிட்டு இருந்தேன். காலைல நீங்கதான் சொன்னீங்க, கடிகாரம் பின்தங்குதுன்னு. ஃபோன் அடிச்சது காதுல விழுந்துச்சு. டீக்கடை ஃபோன்னு நெனச்சேன்."

பத்து மாதத்தில் முதல் தடவை அதை வாய்விட்டுச் சொல்கிறேன். அவரைக் குற்றம் சொல்லவா சொன்னேன்? தெரியவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான் இருக்கும்.

ஐயா மேஜை மேல் இருந்த முத்திரைக் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பொட்டிய நேராக்கிடு" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, கெஞ்சுகிற குரலில், "பலகையில மட்டும் ஏழு இருக்கலாமா?" என்றார்.

இருக்கலாம் என்றேன்.

ஜூன் 25, புதன்

சர்வரைச் சரியான நேரத்துக்குத் திருப்பினேன். இனி அது தானாகவே திருத்திக்கொள்ளும். பலகையில் காட்டும்போது மட்டும் ஏழைக் கூட்டிக்கொள் என்று ஒரு வரி. ஓட விட்டேன்.

200.

200 என்றால் சரி, இந்தா பதில் என்று அர்த்தம். நீர்மட்டம் வந்தது. மீட்டர் கணக்கில், புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இந்த அறையில் அரைத்து, மலைக்குப் போய், அங்கே அரைத்துப் பார்த்து, ஒத்துப்போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. நான் இங்கே கண்ணைச் சிமிட்டி முடிக்கவில்லை.

நான் மலையில் இருக்கும் அந்த அணையைப் பார்த்ததே இல்லை. இன்று அதன் தோளைத் தொட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மதகு எத்தனை திறந்திருக்கிறது என்று கேட்டதற்கு மட்டும் 403. "நீ யாரென்று தெரியும், ஆனாலும் சொல்ல மாட்டேன்." இதுதான் மாமியார் வீட்டுப் பதில். அணைக்காரியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நமக்கு அந்த அனுமதியைக் கொடுக்க மறந்துவிட்டாளாம். கொடுத்தாள். மதகு: பூஜ்ஜியம்.

ஜூன் 27, வெள்ளி

429. "ரொம்பக் கேட்கிறாய், பொறு."

ஸ்கிரிப்ட்டை நொடிக்கொரு தடவை கேட்க வைத்திருந்தேன். நிமிடத்துக்கு ஒன்று போதும் என்று அணைக்காரி சொன்னாள். "தண்ணி ஒரு நிமிஷத்துல உங்க வீட்டுக்கு வந்துடாது மேடம்." அவளுக்குத் தெரியுமா என் பயம்? தெரியும் போலத்தான் இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

மதகு பூஜ்ஜியத்தைத் தாண்டினால் கூரை மேல் இருக்கும் சைரன் ஊதும் என்று இணைத்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் வந்து கம்பி இழுத்துக் கொடுத்தார். தம்பி கீழே நின்று வேடிக்கை பார்த்தான்.

"பதிலே வரலன்னா என்ன செய்யும்?" என்றான்.

"என்ன செய்யும், மறுபடி கேக்கும்."

"கேட்டுக்கிட்டே இருக்கும். நாங்க ஓட்டிக்கிட்டே இருப்போமா?" என்றான். ஆற்றைப் பார்த்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னான். "அன்னிக்கு அங்கேருந்து அடிச்சவங்க, யாரும் எடுக்கலன்னதும் என்ன நெனச்சிருப்பாங்க? சரி, எல்லாம் நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சிருப்பாங்க. பதில் இல்லன்னா படகு இல்லக்கா. அப்படி எழுது."

அந்த நாளைப் பற்றி அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. அதிலும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு வருடமாக இந்த ஆற்றில் போய்வருகிறவன் எதை எதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிறான்! நான்தான் கோட் எழுதுகிறேன் என்று தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தேன்.

எழுதினேன். மூன்று தடவை தொடர்ந்து பதில் வராவிட்டால், அது எந்தக் காரணமாக இருந்தாலும், சைரன்.

ஜூலை 14, திங்கள்

இணையம் அறுந்தது. மூன்றாவது நிமிடம் சைரன். அம்மா பின்தெருவிலிருந்து செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். அரை மணி நேரம் படகு நின்றது. கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார்கள். தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை.

நிறுத்தச் சொல்வார் என்று ஐயாவைப் பார்த்தேன். "ஏழு நிமிஷம் முன்னாடி வர்றவங்க, அரை மணி பின்னாடி போகட்டும். ஒண்ணும் குடி முழுகிடாது" என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நல்ல வெயில். இங்கே ஒரு பொட்டு மழை இல்லை. இரண்டரை மணிப் படகில் நாற்பத்திரண்டு பேர், மூன்று சைக்கிள், ஒரு தையல் மெஷின். கொஞ்சம் தாமதமாகி, தம்பி அப்போதுதான் எஞ்சினைப் போட்டிருந்தான்.

2:31-க்கு ஸ்கிரிப்ட் கேட்டது: மதகு பூஜ்ஜியம். 2:32-க்குக் கேட்டது: ஆறு.

நான் அந்த எண்ணைப் படித்து முடிப்பதற்குள் தலைக்கு மேல் சைரன் அலறியது. ஜன்னலுக்கு ஓடினேன். தம்பி நிமிர்ந்து வானத்தைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை. கை தானாக எஞ்சினை அணைத்தது. "எல்லாரும் எறங்குங்க! மெதுவா, மெதுவா" என்ற அவன் குரல் மட்டும் கேட்டது.

"வெயில் அடிக்குது, எதுக்குப்பா சைரன்?" என்று தையல் மெஷின்காரர் சத்தம் போட்டார். போன மாசமும் இப்படித்தான் என்று இன்னொருவர். ஐயா படியில் இறங்கிப் போய்த் தையல் மெஷினின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினார்.

2:36-க்கு ஃபோன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். "ஆறு மதகு தொறந்தாச்சு" என்றது அந்த ஆண் குரல். "தெரியும். படகு கரையில இருக்கு" என்றேன். எத்தனை தடவை இந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன்!

பிறகு காத்திருந்தோம். நாற்பது நிமிடம் இவ்வளவு நீளமா? மூன்று மணிக்கும் ஆறு அப்படியே, கண்ணாடி மாதிரி. ஆட்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. 3:11 இருக்கும், முதலில் பறவைகள் கிளம்பின. அப்புறம் சத்தம், தூரத்தில் பெரிய லாரி ஒன்று கல்லைக் கொட்டுகிற மாதிரி. வளைவைத் தாண்டி ஆறு பழுப்பாக, ஆள் உயரத்துக்கு, நிமிர்ந்து வந்தது. வேரோடு ஒரு மரம் அதில் சுற்றிச் சுற்றி வந்தது. கீழ்ப்படி ஒன்பதும் இருந்த இடம் தெரியவில்லை. தையல் மெஷின்காரர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். நானும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன். பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இவ்வளவு பெரியதைப் பற்றியா அந்தச் சின்ன எண், அந்த ஆறு, எனக்குச் சொல்லியது என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

தம்பி வந்து பக்கத்தில் நின்றான்.

"அன்னிக்கு நீ எங்க இருந்தேன்னு நான் கேக்கவே இல்லல்ல?"

"கேக்கல."

"ஐயா ஜூன்லயே சொல்லிட்டாரு."

"அப்ப ஏன்டா ஒண்ணும் பேசல?"

"நீ அந்தப் பொட்டியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த. நடுவுல எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றான்.

எல்லோர் முன்னாலும் அழுதேன். அவன் அந்தக் கம்பி வைத்த கையால் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு கட்டிய கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 6, புதன்

நன்றி சொல்ல அணைக்காரியைக் கூப்பிட்டேன். "எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டாள். நாற்பத்திரண்டு என்றேன். அந்த எண்ணைத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

பிறகு சொன்னாள். போன வருடம் அவளுக்கு மதகு கட்டுப்பாட்டு அறையில் வேலை. அன்று முதலில் ஃபோன் அடித்தது அவள்தான். "ரெண்டு தடவை அடிச்சேன் மேடம். எடுக்கல. எப்படியும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சு அடுத்த வேலையப் பாக்கப் போயிட்டேன். அப்புறம் என் மேலதிகாரிதான் மறுபடி கூப்பிட்டாரு." அதற்குப் பிறகுதான் கணினிப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு, இதைச் செய்தே ஆக வேண்டும் என்று சண்டை போட்டிருக்கிறாள். கடிதத்தில் அந்தக் கடைசி வரியும் அவள் எழுதியதுதான்.

ஒரு வருடம் நான் இந்த முனையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அவள் அந்த முனையில் என்ன பாடு பட்டாளோ. ஒரே ஆற்றின் மேலும் கீழும் உட்கார்ந்துகொண்டு, முகம்கூடத் தெரியாமல், இரண்டு பேரும் ஒரே சாவியை வைத்து ஒரே மாவை அரைத்திருக்கிறோம்.

"ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு இருந்தேன்" என்றேன் கடைசியில்.

"என்னது?"

முழுக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசினோம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ள வேண்டும், எஞ்சின் ஆட்டுகிறது. டிக்கெட் அறைச் சாவியை ஐயாவிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு மணிப் படகில் ஏறிவிட்டேன். அக்கரையில் அணைக்காரி காத்திருக்கிறாள். இன்றைக்கு லீவு போட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். சுக்கானில் இருக்கும் தம்பி, "ஃபோன யாருக்கா பாத்துக்குறா?" என்று வம்புக்கு இழுக்கிறான். திரும்பிப் பார்த்தேன். துறை சின்னதாகத் தெரிகிறது, கூரை மேல் சைரன் பேசாமல் இருக்கிறது. ஆற்றின் நடுவில் இருக்கிறோம். பசிக்கிறது, இங்கேயே பாத்திரத்தைத் திறக்கப்போகிறேன்.